கற்றூணும் செப்புத் தகடும்

இராமேசுவரம் திருக்கோயிலின் மூன்றாம் பிரகாரம் சேதுபதி மன்னர்கள் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் நிறைவுற்றது. அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் உயர்ந்த மேடைமீது அணிவகுத்து நிற்கின்றன. நெடுந்தொலைவு நோக்குங்கால் தூண்களின் சிற்ப நுணுக்கங்கள் கண்ணிலிருந்து நீங்க, நிமிர்ந்த கோடுகளும் ஒளியும் நிழலுமே எஞ்சும். பொருளின் தோற்றத்தை விடுத்து அதன் ஒழுங்கை மட்டும் கொள்வது அருவக் கலை. கட்டடக் கலை அதற்கு இயல்பாகவே அண்மையது; மண்டபம் எதனையும் போலச் செய்வதன்று.

இந்த உறவைத் தமிழகக் கலைஞர் தேடிச் செல்ல ஒரு நெருக்கடி காரணமாயிற்று. ஐரோப்பிய அருவ ஓவியத்தைப் பின்பற்றினால் நகல் என்றனர். பழஞ்சிற்பத்தை அவ்வாறே வடித்தால் அதுவும் நகலே. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று, 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார். பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்று அங்குள்ளோர் வாழ்ந்தனர். கலையை விற்று உண்பதினும் கைவினையை விற்றுக் கலையைக் காப்பது மேல் என்று அவர்கள் கருதினர் போலும்!

அவர்களுள் பி.வி. ஜானகிராம் கண்ட விடை கோயிற்சுவரில் இருந்தது. தேவகோட்டத்துச் சிற்பத்துக்கு முன்புறம் மட்டுமே உண்டு. பின்புறம் சுவரோடு பொருந்திவிடும். சுற்றிவந்து காணத்தக்கதே சிறந்த சிற்பம் என்னும் மேலைநாட்டு அளவுகோலால் இது குறையாகத் தோன்றலாம். உண்மையில் கட்டடம் சிற்பத்துக்கு அளித்த இலக்கணம் இது. மூலவர்க்கு அணிவிக்கும் உலோகக் கவசமும் இத்தகையதே. ஜானகிராம் செப்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டிப் புடைக்கச் செய்து, அதன்மேல் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்தார். அவருடைய படைப்புகள் முற்றும் அருவமல்ல. பிள்ளையாரையும் இயேசுவையும் அவற்றில் அடையாளம் காணலாம். எனினும் கண்ணும் கையும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் உருமாறியிருக்கும்.

பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் இவ்வழியில் மேலும் சென்றார். செம்பையும் பித்தளையையும் இணைத்து, எனாமல் வண்ணமும் சேர்த்தமையால் அவர் படைப்பில் சிற்பமும் ஓவியமும் கலந்தன. அவை வெட்டவெளியிலும் தனித்து நிற்கும். ஆயினும் காண்போரைத் தம் முன்னால் நிறுத்திக்கொள்ளும். சுவர் நீங்கிய பின்னும் கோட்டச் சிற்பத்தின் இலக்கணம் அவற்றில் நீங்கவில்லை.