பி வைட்டமின்: அட்டையின் பின்பக்கம்

சோர்வாக இருக்கிறதா? முடி கொட்டுகிறதா? கால் மரத்துப் போகிறதா? பி வைட்டமின் மாத்திரை விற்போர் கேட்கும் கேள்விகள் இவை. தினமும் ரயிலில் இரண்டு மணி நேரம் போய் வருகிறவர்களில் சோர்வில்லாதவர் யார்? எல்லோரும் 'ஆம்' என்றே சொல்வோம். விளம்பரத்தின் சூட்சுமம் அதுதான்.

பி வைட்டமின் ஒன்றல்ல, எட்டு. அவற்றுள் பி1-க்கும் நம் சோற்றுக்கும் பழைய உறவு உண்டு. தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு பெரிபெரி நோய் வந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கல் அரிசி உண்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். இந்நோயை ஆராய 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. புழுங்கல் அரிசிக்காக இங்கே கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் சற்று ஆறுதல் கொள்ளலாம்! பருப்பு, கோதுமை, கீரை, பால் என்று கலந்து உண்ணும் வீட்டில் பி வகைகளில் பெரும்பாலானவை தட்டிலேயே கிடைத்துவிடும்.

விதிவிலக்கு பி12. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் அது உண்டு. காய்கறியிலும் பருப்பிலும் இல்லை. சைவ உணவோடு பாலையும் குறைத்துக்கொண்டவர்கள், முதியவர்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக உட்கொள்வோர் ஆகியோருக்குக் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். கவனியாமல் விட்டால் நரம்பு பழுதாகும். மிகவும் தாமதித்தால் முழுவதும் மீளாமலும் போகலாம். ஆகவே இவர்கள் மருத்துவரிடம் கேட்டு ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. மாத்திரை தொடங்கும் முன்பே பார்க்க வேண்டும். தொடங்கிவிட்டால் அளவு உயர்ந்து காட்டும், உண்மை நிலை மறைந்துவிடும். ஃபோலிக் அமிலம் மட்டும் உட்கொண்டாலும் ஆபத்து உண்டு. ரத்தசோகை சரியாகிவிடும், நரம்பின் பாதிப்போ உள்ளே தொடரும்.

இனி அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பி12 மைக்ரோகிராமில் இருக்கும். ஒரு நாள் தேவை இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம். மாத்திரையிலோ 500, 1500 என்றிருக்கும். பயப்பட வேண்டாம். இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருளின் துணையோடு ஒரு வேளைக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவே குடல் ஏற்கும். மீதியில் நூற்றில் ஒரு பங்குதான் தானாக உள்ளே போகும். குறைபாடு உறுதியானவருக்கு மருத்துவர் பெரிய அளவைத் தருவது இதனால்தான். மற்றவர்கள் பெரிய எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது பி6 பற்றி. 'பைரிடாக்சின்' என்று அச்சிட்டிருக்கும். தேவை நாளொன்றுக்கு சுமார் 2 மில்லிகிராம். சில மாத்திரைகளில் 50, 100 மில்லிகிராம்கூட இருக்கிறது. அதிக அளவு பி6-ஐ நீண்ட நாள் உட்கொண்டால் நரம்பே கெடும் என்பது 1983 முதல் மருத்துவ உலகம் அறிந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை நாளொன்றுக்கு 12 மில்லிகிராமாகக் குறைத்தது. கால் மரத்துப் போகிறதென்று வாங்கிய மாத்திரையே மரத்துப்போவதற்குக் காரணமாகலாம்! சத்து மாத்திரை ஒன்று, நரம்பு மாத்திரை ஒன்று, சத்து மாவு ஒன்று என்று சேரும் வீடுகளில் மூன்றிலும் உள்ள பி6-ஐக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவின் மருந்துப் பையையும் ஒருமுறை பாருங்கள்.

நண்பர்கள் வழியாக வீடு தேடி வரும் விலை உயர்ந்த டப்பாக்களில் பல, சட்டப்படி மருந்தே அல்ல, உணவு வகை. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும், மருத்துவப் பயனுக்கு அல்ல என்ற ஆங்கில வாசகமும் அதில் இருக்கும். விற்பவர் சர்க்கரை நோய் குணமாகும் என்று சொன்னால் அந்த வரியைக் காட்டி விளக்கம் கேளுங்கள். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவதை மருந்து வேலை செய்வதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அது உடல் வெளியேற்றும் உபரி பி2 மட்டுமே.

முடிக்காக பயோட்டின் சாப்பிடுவோர் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் அதைச் சொல்ல மறக்கக் கூடாது. தைராய்டு சோதனையிலும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையிலும் அது தவறான முடிவைக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்திருக்கிறது.