வில்லெம்ஸ்டாட்: வழிவிடத் தெரிந்த பாலம்

கரீபியன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? வெள்ளை மணல், கிரிக்கெட், கடற்கொள்ளையர் படம். சரிதான். ஆனா நீங்க இன்ஜினியரிங் மாணவரா அந்தப் பக்கம் டூர் போனால், கடற்கரைக்கு முன்னாடி பார்க்க வேண்டிய துறைமுக ஊர் ஒண்ணு இருக்கு. அதுதான் குராசோ தீவின் தலைநகர் வில்லெம்ஸ்டாட்.

வெனிசுலா கரைக்கு வடக்கே சுமார் 65 கி.மீ. தூரத்தில் இருக்கும் இந்தத் தீவை டச்சுக்காரர்கள் 1634இல் ஸ்பெயினிடமிருந்து பிடித்தார்கள். இன்றும் அது நெதர்லாந்து முடியரசின் ஓர் அங்கம். ஊரின் பழைய பகுதி 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

முதலில் பிரச்சினை

வரைபடத்தில் ஊரைப் பாருங்க. நடுவில் சின்ட் அன்னா விரிகுடா, குறுகலான கால்வாய் மாதிரி உள்ளே போகுது. அதன் முடிவில் ஸ்கொட்டெகாட் என்ற பெரிய இயற்கைத் துறைமுகம். கால்வாயின் ஒரு கரை புண்டா, மறு கரை ஓட்ரொபண்டா. உள்ளூர் மொழியான பாபியமெண்டுவில் அந்தப் பெயருக்கே ‘அந்தப் பக்கம்’ என்றுதான் அர்த்தம்.

ஆக, துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலும் ஊரின் நடுவே போகணும். தாழ்வா பாலம் கட்டினால் கப்பல் போகாது. பாலமே இல்லேன்னா மனுஷன் படகுக்குக் காத்திருக்கணும். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

விடை 1: விலகி நிற்கும் பாலம்

1888இல் எல்.பி. ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு மிதவைப் பாலம் அமைத்தார். பெயர் குயின் எம்மா பாலம். பலமுறை புதுப்பிக்கப்பட்டு இன்றும் ஓடுது. ஆமா, ‘ஓடுது’ என்பதுதான் சரியான வார்த்தை. 167 மீட்டர் நீளம். தூண் கிடையாது, வரிசையாக நிற்கும் படகுகள் மேல் தளம் உட்கார்ந்திருக்கு. ஓட்ரொபண்டா முனையில் கீல், புண்டா முனையில் டீசல் இன்ஜினும் ப்ரொப்பல்லரும். கப்பல் வந்தால் மணி அடிக்கும், கேட் மூடும், முழுப் பாலமும் ஒரு கதவு மாதிரி திரும்பி கரையோரம் ஒதுங்கிவிடும்.

இவ்வளவு பெரிய பாலத்தைச் சின்ன இன்ஜின் எப்படித் திருப்புது? ரெண்டு காரணம். எடை முழுவதையும் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது, இன்ஜின் சமாளிக்க வேண்டியது நீரின் தடையையும் காற்றையும்தான். அடுத்தது, விசை கீலிலிருந்து மிகத் தொலைவான முனையில் கொடுக்கப்படுகிறது. டார்க் = விசை × தூரம். கதவின் கைப்பிடி கீலுக்குப் பக்கத்தில் இல்லாததும் இதனால்தான்.

நடக்கும்போது பாலம் லேசாக ஆடும். எவ்வளவு அமுங்கும்? கணக்குக்காக ஒரு படகின் நீர்மட்டப் பரப்பு 40 சதுர மீட்டர் என்று வெச்சுக்குவோம். அதன்மேல் 70 கிலோ எடையுள்ள 15 பேர் நின்றால் 1,050 கிலோ. கடல்நீரின் அடர்த்தி 1,025 என்றால், விலக வேண்டிய நீர் சுமார் 1.02 கன மீட்டர். 40ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.6 செ.மீ. ஆர்க்கிமிடீஸைக் காலடியிலேயே உணரலாம்.

செருப்புக்குக் கட்டணம்

தொடக்க காலத்தில் இந்தப் பாலத்தைக் கடக்கக் காசு வாங்கினார்கள். செருப்போ ஷூவோ போட்டவர் கட்டணும், வெறுங்காலில் வருபவருக்கு இலவசம். ஏழைக்கு உதவும் நல்ல விதிதானே? ஆனா ஊரில் சொல்லும் கதை வேற. காசுள்ளவர் சிலர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாராம். ஏழையோ ஷூ கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு காசு கட்டிப் போனாராம். தீவில் அடிமை முறை ஒழிந்தது 1863இல். பாலம் வந்தபோது 25 வருஷம்தான் ஆகியிருந்தது. வெறுங்கால் என்பது அங்கே வெறும் சிக்கனம் இல்லை என்பதை யோசிச்சா, இந்தக் கதை ஏன் இன்னும் சொல்லப்படுதுன்னு புரியும்.

விடை 2: உயர்ந்து நிற்கும் பாலம்

20ஆம் நூற்றாண்டில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. கப்பல் பெருகியது, கார்களும் பெருகின. பாலம் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஊர் ரெண்டாக நின்றது. அதனால் கப்பலுக்கு மேலேயே போகும் குயின் ஜூலியானா பாலத்தைத் தொடங்கினார்கள். 1967 நவம்பரில் கட்டுமானத்தின்போது ஒரு பகுதி சரிந்து 15 தொழிலாளர்கள் இறந்தார்கள். கடைசியில் 1974இல் பாலம் திறக்கப்பட்டது. நீர்மட்டத்திலிருந்து உயரம் சுமார் 56 மீட்டர். அதன்பிறகு எம்மா பாலம் நடப்பவர்களுக்கு மட்டும் என்றானது.

நீங்க போனால்

புண்டா கரையில் வண்ண வண்ண வீடுகள் நிற்கும் ஹண்டெல்ஸ்காடேயில் எல்லோரும் செல்ஃபி எடுப்பாங்க. நீங்களும் எடுங்க. பிறகு பாலத்தில் ஏறும் கொடியைக் கவனிங்க. ஆரஞ்சு என்றால் சீக்கிரம் மூடிவிடும், நீலம் என்றால் நேரமாகும். காத்திருக்க வேண்டாம், இலவசப் படகு இருக்கு. பாலம் திரும்பும்போது நீங்க அதன்மேல் இருந்தால் பயப்படாம அங்கேயே நில்லுங்க. அப்படியே நிமிர்ந்து பார்த்தால் ஜூலியானா பாலம் தெரியும். கீழே இருப்பது கப்பலுக்காக ஒதுங்குது, மேலே இருப்பதுக்கு ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த உயரத்துக்கு 15 பேர் கொடுத்த விலை போட்டோவில் தெரியாது. தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் நம்ம வேலை.