டைரக்டரின் வழக்குச் செலவு யாருடையது?

ரசாயனம் படிக்கும் இவனுக்குக் கம்பெனிச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பட்டம் பெற்ற கையோடு சொந்தக் கம்பெனி தொடங்குவோர் இன்று நம்மிடையே பெருகி வருகின்றனர். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நேரே டைரக்டர் நாற்காலிக்குச் செல்கிறோம். அங்கு அமர்ந்தவன்மீது வழக்கு வந்தால் வக்கீலுக்குப் பணம் கொடுப்பது யார்? இதை நாம் அறிந்திருக்க வேண்டாமா?

இதற்கு விரிவாக விடை தருவது ஐக்கிய அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சட்டம். அந்நாட்டின் பெரிய கம்பெனிகளிற் பல அங்கேதான் பதிவாகியுள்ளன. அச்சட்டத்தின் 145-ஆம் பிரிவு இருவகை உதவிகளைக் கூறுகிறது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது.

முதலாவது, ஈடு செய்தல். டைரக்டருக்கு நேர்ந்த செலவைக் கம்பெனி பின்னர் ஏற்றுக்கொள்வது இது. அவர் நல்லெண்ணத்துடன், கம்பெனியின் நன்மைக்கு மாறாகாது என நியாயமாக நம்பி நடந்திருக்க வேண்டும். வழக்கில் அவர் வென்றுவிட்டாலோ, வழக்குச் செலவைக் கம்பெனி கொடுத்தே தீர வேண்டும்.

இரண்டாவது, முன்பணம். வழக்கு நடக்கும்போதே செலவுக்குக் கொடுத்து வருவது இது. ஈடு பெறத் தகுதியில்லை என்று முடிவானால் திருப்பித் தருவதாக டைரக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே இது கடன் போன்றது. குற்றமற்றவர் என்ற நற்சான்று அன்று. கம்பெனி தானே வழக்குத் தொடுத்த ஆளுக்குத் தானே வக்கீல் செலவும் அளிக்க நேரும் விந்தை இதனால் விளைவதே. விந்தையாயினும் நியாயந்தான். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வன. மழை விட்ட பின் குடை கொடுத்துப் பயன் என்ன?

ஆனால் முன்பணம் கொடுக்கலாம் என்றே சட்டம் சொல்கிறது. கட்டாயமாக்குவது கம்பெனியின் விதிகளே. அவ்விதியை மாற்றிவிட்டால்? டிராய் கார்ப்பொரேஷன் என்னும் கம்பெனியில் அதுவே நடந்தது. ஒரு டைரக்டர் விலகிய பின், முன்னாள் டைரக்டர்களுக்கு இருந்த முன்பண உரிமையை நீக்கி, 2005-இல் விதியைத் திருத்தினர். பின்னர் அவர்மீது வழக்கு எழுந்தது. வழக்கு வருமுன் அவருக்கு உரிமை உறுதிப்படவில்லை என்று சான்செரி நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. ஒரு செயல் நடந்த பின், அதற்குரிய பாதுகாப்பை விதியைத் திருத்திப் பறித்தல் இயலாது. அப்படிப் பறிக்கலாம் என்று அச்செயலின்போதே விதியில் வெளிப்படையாக இருந்தாலன்றி.

நம் நாட்டிலோ, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு, கடமை தவறிய பொறுப்பிலிருந்து டைரக்டரைக் காக்கும் விதி செல்லாது என்றது. வழக்கில் வென்றவருக்கும், நீதிமன்றம் நிவாரணம் அளித்தவருக்கும் செலவை ஈடு செய்ய மட்டும் இடமளித்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய பிரிவு இல்லை. ஆயினும் அதன் அட்டவணையிலுள்ள மாதிரி விதிகள் வென்றவருக்கும், நீதிமன்றம் நிவாரணம் அளித்தவருக்கும் மட்டுமே ஈடு கூறுகின்றன. முன்பணம் பற்றிப் பேச்சே இல்லை.

இதன் பொருள் யாது? மாதிரி விதிகளை அப்படியே ஏற்ற கம்பெனியில், வெல்லும் வரை டைரக்டர் தம் கைப்பணத்தில் போராட வேண்டியிருக்கும். கல்விக் கடனே தீராத நம்மவர்க்கு அது எளிதா? எனவே நண்பர்களே, கையெழுத்திடுமுன் கம்பெனி விதிகளை வாங்கிப் படியுங்கள். ஈடு உண்டா, முன்பணம் உண்டா, பதவி விட்ட பின்னும் அவை நிற்குமா என்று மூன்றையும் கேளுங்கள். விடை வாய்மொழியாக வந்தால் போதாது, எழுத்தில் பெறுங்கள்.