வெள்ளிக்கிழமை உபவாசமும் ஆல்டர் பீஸும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. சொந்த ஊர் நாசரேத் பக்கம். கல்யாணமாகி வந்து இருபது வருஷமாக அமராவதி நகரில் இருக்கிறோம். தினமும் கம்பெனி பஸ்ஸில் பனியன் கம்பெனிக்குப் போய் வருகிறேன். டெய்லராகச் சேர்ந்தேன், இப்போது லைன் சூப்பர்வைசர். ஞாயிறு ஆராதனை தவறியதில்லை. தசமபாகத்தைச் சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை உபவாசம். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் குடும்ப ஜெபம் உண்டு. ஆனால் மனசு ஒட்டுவதில்லை. போன மாதம் ஓர் எழுப்புதல் கூட்டத்துக்குப் போனேன். எல்லோரும் அழுதார்கள், எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. பக்கத்தில் இருந்த சகோதரி, “புத்தகம் பார்த்து ஜெபிக்கிற சபையில் வளர்ந்தால் இப்படித்தான், நீங்கள் பெயர்க் கிறிஸ்தவர்” என்றார். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். பன்னிரண்டாவது படிக்கிறாள். “அம்மா, நீ ஜெபம் பண்றதும் பீஸ் எண்றதும் ஒரே குரல்லதான் இருக்கு” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உபவாச நாளில் பசியில் எரிச்சல் வந்து லைனில் வேலை செய்யும் பிள்ளைகளைத் திட்டிவிடுகிறேன், ஆல்டர் பீஸுக்கு (தையல் பிசகித் திரும்பி வரும் பீஸுக்கு) அவர்கள் கூலியில் கொஞ்சம் கூடவே பிடித்து எழுதிவிடுகிறேன், அதனால் உபவாசத்தை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன். நான் செய்வதெல்லாம் வெறும் சடங்குதானா?
— ஒரு சகோதரி, அமராவதி நகர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் கண்ணீரைப் பற்றியே எழுதி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்றாவது தடவைதான் கடைசிக்கு முந்தின வரியில் கண் நின்றது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தக் கண்ணீர். ஒன்றரை ஷிப்ட் முடித்து, பஸ்ஸில் தூங்கி வழிந்து, இறங்கி வந்து அடுப்பைப் பற்றவைக்கிற ஒருத்திக்கு ராத்திரி பத்தரை மணிக்கு ஜெபத்தில் உருக்கம் வரவில்லை என்றால், அதில் உடம்பின் பங்கு பெரியது. அதை ஆவிக்குரிய வியாதி என்று பெயர் சூட்ட எனக்கு மனசில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆராதனை நடத்தியவன் நான். வாய் பாவ அறிக்கையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனசு கோயில் கூரை மராமத்துக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்த ஞாயிறுகள் எனக்கு நிறைய உண்டு. சில ஞாயிறுகளில் வாயும் தடுமாறியிருக்கும். கையில் புத்தகம் இருந்ததால் தப்பித்தேன். புத்தகம் பார்த்து ஜெபிப்பதைக் குறை சொல்பவர்களிடம் எனக்கு இருக்கும் சின்னக் கோபம் இதுதான்: மனசு வறண்ட நாளில் மனிதனுக்குச் சொல்லக் கிடைக்கும் வார்த்தையையும் பிடுங்கிவிடுகிறார்கள்.

உங்கள் ஊரிலேயே 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. விடியற்காலையில் அந்தப் பையன்கள் வரிசையில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில்தான் கால் வைப்பார்கள். ‘தேசபக்தி பொங்காமல் நடக்கிறான், வேஷதாரி’ என்று யாராவது சொல்வார்களா? பழக்கம் என்பது காலுக்குப் பாடம். மனசு பின்னால் வரும். சில நாள் வராது.

பல வருஷம் வராமலே போனவர்களும் உண்டு. அன்னை தெரசா தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது பலர் திகைத்துப் போனார்கள். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம், ஜெபத்தில் கடவுள் பக்கத்தில் இருக்கும் உணர்வே பெரும்பாலும் இல்லாமல் அந்த அம்மாள் வாழ்ந்திருக்கிறார். அத்தனை வருஷமும் விடியற்காலைத் திருப்பலிக்குப் போனார், அதன்பின் சாகக் கிடந்தவர்களைத் தூக்கக் கிளம்பினார். எழுப்புதல் கூட்டத்துச் சகோதரியின் அளவுகோலை வைத்தால் அவரும் பெயர்க் கிறிஸ்தவர்தான்!

உங்கள் அமராவதி அணையிலிருந்து கிளம்பும் ஆறு தாராபுரம், கரூர் வழியாகத்தானே போகிறது? அந்தக் கரையூர்களில் வேலை செய்த மிஷனரிகள் வெஸ்லியன் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய மூதாதையான ஜான் வெஸ்லியின் கதை உங்கள் கடிதத்துக்கு நெருங்கிய சொந்தம். ஆக்ஸ்போர்டில் இருந்த நாளில் ஜெபத்துக்கு நேரம், வேத வாசிப்புக்கு நேரம், சிறைக்கைதிகளைப் பார்க்க நேரம் என்று எல்லாவற்றுக்கும் முறை வைத்திருந்தார். புதன், வெள்ளி உபவாசம் வேறு. ‘மெத்தடிஸ்ட்’ என்பதே அந்த முறைப்பித்தைக் கேலி செய்ய அங்கிருந்தவர்கள் வைத்த பட்டப்பெயர். இத்தனையும் செய்தவர் அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போய், தோற்று, தன்னிடம் விசுவாசமே இல்லையோ என்ற சந்தேகத்தோடு திரும்பினார். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில், ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோது அவர் நெஞ்சில் ஒரு சூடு பரவியது. இதுவரைக்கும் எல்லா மேடையிலும் சொல்வார்கள். மேடையில் வராத பாதி இது: எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1739 ஜனவரியில் அதே வெஸ்லி, தான் இன்னும் கிறிஸ்தவனே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். சூடு வந்தது, போனது. மனிதர் குதிரையேறி ஊர் ஊராகப் போவதை நிறுத்தவில்லை. 1791-இல் சாவதற்கு ஆறு நாள் முன்பு, அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பார்லிமென்டில் போராடிக்கொண்டிருந்த வில்பர்ஃபோர்ஸுக்குத் தைரியம் சொல்லி ஒரு கடிதம் எழுதினார். அவருடைய நெஞ்சுச் சூட்டை அளக்க எனக்கு அந்தக் கடிதம் போதும்.

‘வெதுவெதுப்பான கிறிஸ்தவர்’ என்ற வார்த்தையையும் அந்தக் கூட்டத்தில் கேட்டிருப்பீர்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபைக்கு வரும் கடிதத்திலிருந்து எடுத்தது. லவோதிக்கேயா எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? ஒரு பனியன் கம்பெனி ஊழியருக்குச் சொல்ல எனக்கு ஆசை. அது துணி ஊர். பளபளக்கும் கறுப்புக் கம்பளிக்குப் பேர்போனது. காசும் ஏராளம், கி.பி. 60-இல் பூகம்பத்தில் இடிந்தபோது ரோம அரசின் உதவி வாங்காமல் தானே கட்டிக்கொண்டது. (இன்று துருக்கியில் இருக்கும் அந்த இடத்துக்குப் பக்கத்து நகரம் டெனிஸ்லி. துண்டும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதி செய்கிறார்கள், கரூர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயராக இருக்கும்.) கறுப்புக் கம்பளி விற்ற அந்த ஊர்ச் சபையைத்தான், நீ நிர்வாணமாக நிற்கிறாய், என்னிடம் வெள்ளை வஸ்திரம் வாங்கிக்கொள் என்கிறார் ஆண்டவர்.

வெதுவெதுப்புக்கு வருவோம். பக்கத்து எராப்போலியில் வெந்நீர் ஊற்று, வலிக்கு ஒத்தடம் ஆகும். கொலோசெயில் குளிர்ந்த தண்ணீர், தாகத்துக்கு ஆகும். லவோதிக்கேயாவுக்குக் குழாயில் வந்து சேர்ந்ததோ எதற்கும் ஆகாத தண்ணீர் என்று வேத விளக்கக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த விளக்கமே சரியாகப் படுகிறது. அனலாயிரு, இல்லாவிட்டால் குளிர்ந்திரு என்று அங்கே சொல்லியிருக்கிறது. குளிர்ச்சி கெட்டது என்றால் ஆண்டவர் அதை விரும்புவாரா? அந்தக் கடிதம் கேட்பது உணர்ச்சியின் டெம்பரேச்சரை அல்ல. உன்னால் அடுத்தவனுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறது.

இப்போது அந்தக் கடைசிக்கு முந்தின வரி. உபவாச நாளில் பிள்ளைகளைத் திட்டுகிறீர்கள், ஆல்டர் பீஸுக்குக் கூடப் பிடித்து எழுதுகிறீர்கள். கண்ணீர் வராததற்குப் பத்து வரி எழுதிவிட்டு, இதைப் பசியின் கணக்கில் போட்டு ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஏசாயா 58-ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி எடுத்துப் பாருங்கள். நாங்கள் உபவாசம் இருந்தும் நீர் ஏன் கவனிக்கவில்லை என்று ஜனங்கள் கேட்கிறார்கள். உபவாச நாளிலேயே உங்கள் வேலைக்காரரைக் கசக்குகிறீர்கள், வழக்காடுகிறீர்கள், குத்துகிறீர்கள் என்று பதில் வருகிறது. ஜெபத்தில் மனசு ஒட்டாததைப் பற்றி அங்கே பேச்சில்லை.

உங்கள் பாட்டி வீட்டில் ‘மோட்சப் பிரயாணம்’ இருந்திருக்கும். ஜான் பனியன் எழுதி 1678-இல் வெளிவந்தது. (அவர் பெயருக்கும் நீங்கள் தைக்கிற பனியனுக்கும் சம்பந்தமில்லை, ஞாயிறு பள்ளியில் பையன்கள் தவறாமல் கேட்பார்கள்.) எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ அதைத் தழுவியதுதான். அந்தக் கதையில் வாயாடி என்று பொருள்படும் பெயரோடு ஒருவன் வருவான். பக்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஊரே கேட்கும். அவன் எப்படிப்பட்டவன் என்று கதாநாயகன் கிறிஸ்தியான் விளக்கும்போது சாட்சிக்குக் கூப்பிடுவது யாரைத் தெரியுமா? அவன் வீட்டு வேலைக்காரர்களை, அவனோடு கொடுக்கல் வாங்கல் வைத்தவர்களை. உங்கள் சடங்கு வெறும் சடங்கா என்ற கேள்வியை நீங்கள் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் லைனில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஹெல்பர் பெண்ணிடம் அனுப்பியிருந்தால் சரியான பதில் சீக்கிரம் வந்திருக்கும்.

பிடித்த பணம் உங்கள் கைக்கு வரவில்லை, கம்பெனிக்குத்தான் போனது என்பீர்கள். உண்மை. எழுதிய பேனா உங்களுடையது.

சகேயு கதையை நினைத்துப் பாருங்கள். அவனும் மேலதிகாரிகளுக்காக வசூலித்தவன். இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்ன பிறகு. அந்தக் கதையில் கண்ணீர் இல்லை. கணக்கு இருக்கிறது, நீங்கள் கணக்கில் கெட்டிக்காரி.

உபவாசத்தை விட வேண்டாம். எரிச்சல் தாங்காவிட்டால் மதியம் ஒரு டம்ளர் மோர் குடியுங்கள், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை அன்று ஆல்டர் நோட்டில் கை வைக்காதீர்கள், சனிக்கிழமை காலையில் எழுதுங்கள். கடந்த மாதங்களின் நோட்டை ஒரு தரம் புரட்டுங்கள். கூட எழுதியது எது என்று உங்களுக்கே தெரியும். கேஷியரிடம் சொல்லித் திருத்தமாகச் சேர்க்க முடிந்தால் சேருங்கள். முடியாவிட்டால் உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள், அந்தப் பிள்ளையிடம் ‘நான் தப்பாக எழுதிவிட்டேன்’ என்று சொல்லியே கொடுங்கள். தசமபாகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கூடாது, அது வேறு கடன். இதை எந்தக் கூட்டத்திலும் சாட்சியாகச் சொல்லவும் வேண்டாம். சொன்னால் மைக் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் நோட்டு மறந்துபோகும்.

குடும்ப ஜெபத்தை ஐந்து நிமிஷத்துக்குச் சுருக்குங்கள். வாரத்தில் ஒரு நாளாவது மகள் ஜெபிக்கட்டும். உங்கள் குரலைப் பற்றி அவள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நோட்டு திருத்திய வாரத்தில் அவளிடமே இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள்.