தொலைநோக்கி வாங்குமுன் தாங்கியைப் பாருங்கள்

பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வாங்க விரும்பும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதே. "450 மடங்கு" என்று அச்சிட்ட பெட்டியை நம்பி வாங்கினால், ஒரு மாதத்தில் அது பரணுக்குப் போய்விடும். பிள்ளையின் ஆர்வமும் அதோடு போய்விடும்.

உருப்பெருக்கம் வெறும் வகுத்தல் கணக்கு. கருவியின் குவியத் தூரம் 1200 மி.மீ., கண்ணருகு லென்ஸினுடையது 25 மி.மீ. என்றால் 48 மடங்கு, 10 மி.மீ. லென்ஸ் போட்டால் 120 மடங்கு. ஆனால் ஒளியைச் சேகரிப்பது முகப்பு விட்டமே. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 2 மடங்கு என்பதே பொதுவான எல்லை. 60 மி.மீ. கருவியில் 120 மடங்கைத் தாண்டினால் உருவம் பெரிதாகும், தெளிவு கூடாது. 150 மி.மீ. கருவியோ அதைப்போல் 6 மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும்.

அடுத்தது தாங்கி. உருவத்தை 100 மடங்கு பெருக்கினால் நடுக்கமும் 100 மடங்கு பெருகும். எஞ்சின் எவ்வளவு உயர்ந்ததானாலும் பாதை ஆடினால் வண்டி ஓடாது என்பது நான் ரயில்வேயில் படித்த பாடம், இங்கும் அதுதான்.

பார்ப்பதற்கு மட்டும் என்றால், ஜான் டாப்சன் அமெரிக்காவில் பரப்பிய டாப்சோனியன் வகை போதும். தரையில் உட்காரும் எளிய பெட்டித் தாங்கி. மேலும் கீழும், பக்கவாட்டிலும் கையால் திருப்பலாம். 6 அங்குலக் கருவியில் சனியின் வளையங்களும் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் நன்கு தெரியும். சந்திரனைப் படமும் எடுக்கலாம்.

நெபுலாக்களைப் படமெடுக்க இது போதாது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அரைப் பாகை அகலமுள்ள காட்சியை ஒரு நட்சத்திரம் 2 நிமிடத்தில் கடந்துவிடும். அதைப் பின்தொடர மோட்டார் பொருத்திய இக்வடோரியல் தாங்கி வேண்டும். அதன் ஓர் அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். சாய்வு உங்கள் ஊரின் அட்சரேகை அளவு: டில்லியில் 28.6 பாகை, மும்பையில் 19, விடுமுறைக்குச் சென்னை கொண்டுபோனால் 13. படமெடுக்க விரும்புவோர் குழாயைவிடத் தாங்கிக்கே அதிகம் செலவிடுங்கள்.

வாங்குமுன் தொலைவிலுள்ள ஒரு விளக்கைக் கருவியில் பார்த்தபடி குழாயை மெல்லத் தட்டுங்கள். ஆட்டம் இரண்டு மூன்று விநாடிகளில் அடங்கினால் நல்ல தாங்கி. மண்பானையையே தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்!

ஓர் எச்சரிக்கை: முகப்பில் உரிய வடிகட்டி இல்லாமல் சூரியனை ஒரு கணமும் பார்க்கக் கூடாது, பார்வையே போய்விடும்.