கதை எழுதுவோர்க்கு ஓர் ஆண்டுக் கணக்கு

ஆண்டு பிறந்ததும் நாட்குறிப்பின் முதற் பக்கத்தில் சங்கற்பங்களை எழுதி வைக்கும் வழக்கம் நம் மாணவரிடையே உண்டு. கதை எழுதுவதில் வேட்கையுடையார் எழுதுவன பெரும்பாலும் ஒரே தன்மையினவாயிருக்கும். இவ்வாண்டில் ஒரு நாவலை வெளியிடுவேன் என்பார் ஒருவர்; மூன்று பத்திரிகைகளிலேனும் என் கதை வரும் என்பார் மற்றொருவர்; பரிசு ஒன்று பெறுவேன் என்பாரும் உளர். இவ்வாசைகளை நாம் குறை கூறுகின்றோமல்லேம். ஆயினும் இவற்றுள் எழுதுவோன் கையிலேயே இருப்பது எது என்று ஆராய்தல் வேண்டும். நூலை வெளியிடுவோர் பதிப்பாளர், கதையை ஏற்போர் பத்திராதிபர், பரிசளிப்போர் நடுவர். பிறர் செய்யவேண்டுவனவற்றை நமது குறிக்கோளாக எழுதி வைத்துக்கொண்டால், பங்குனியில் திரும்பி வரும் ஒரு கைப்பிரதி அவ்வாண்டு முழுவதையும் பாழாக்கிவிடும்.

ஆங்கில நாவலாசிரியருள் அந்தோணி டிராலப் (1815–1882) என்பாருடைய வரலாறு இவ்விஷயத்தில் நமக்குப் பெரிதும் பயன்படும். இவர் 1834-ஆம் ஆண்டில், தமது பத்தொன்பதாம் வயதில், இலண்டன் தபால் இலாகாவில் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1841-இல் அயர்லாந்துக்குச் சென்றார். அங்கு எழுதிய முதல் நாவல் 1847-இல் வெளிவந்தது. அதனைப் படித்தார் மிகச் சிலரே. அடுத்த ஆண்டில் வந்த இரண்டாம் நாவலில் 375 பிரதிகள் அச்சிடப்பட்டன, விலைபோனவை 140. பதிப்பாளருக்கு 63 பவுனுக்கு மேல் நட்டம். 1850-இல் வந்த மூன்றாவதற்கு முன்பணமாகக் கிடைத்த 20 பவுனே மொத்த வரும்படியாயிற்று. நான்காவதாகிய 'தி வார்டன்' 1855-இல் வந்தபோதுதான் அறிஞர் சிலர் அவரைக் கவனித்தனர். அந்நூலுக்கும் அவ்வாண்டு முடிவில் அவர் பெற்ற பங்கு 9 பவுன் 8 ஷில்லிங் 8 பென்ஸ் மாத்திரமே. பத்திரிகையில் ஒரு கதை வரவில்லையென்று பேனாவை மூடிவைக்கும் நண்பர் இந்தத் தொகையை நினைவில் இருத்துவாராக.

இத்தகையவர் பின்னர் நாற்பத்தேழு நாவல்களை எழுதி முடித்தது எங்ஙனம்? அவருடைய 'சுயசரிதை' அவர் இறந்தபின் 1883-இல் வெளிவந்தது. அதில் இவ்வழியை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கின்றார். நாவல் தொடங்குமுன் ஒரு நாட்குறிப்பை எடுத்து வாரவாரமாகக் கோடிட்டுக்கொள்வார். நாள்தோறும் எழுதிய பக்கங்களின் தொகையை அதிற் பதிவார். பக்கம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுமாதலால், தம் பக்கத்துக்கு 250 சொற்கள் என்று வரையறுத்து, எழுத எழுத எண்ணிக்கொண்டே போவார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமர்ந்துவிடுவார். தம்மை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே வயது முதிர்ந்த பணியாள் ஒருவனுக்கு ஆண்டுக்கு 5 பவுன் அதிகமாகக் கொடுத்துவந்தார். முதல் அரைமணி நேரம் முந்திய நாள் எழுதியதைப் படிப்பார். பின்னர்க் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதுவார். உத்தியோக நிமித்தம் ஊர் சுற்றும் காலங்களில் ரயில்வண்டியிலிருந்தே முழங்காலின்மேற் பலகை வைத்து எழுதினார். ஆசிரியன் அருள் வந்து எழுதுகின்றான் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இக்கணக்குப் பெரும் அருவருப்பை உண்டாக்கியது. செம்மான் செருப்புத் தைப்பதுபோல் நாவல் தைக்கின்றார் என இகழ்ந்தனர். எண்ணிக்கை கலையை உண்டாக்காதென்பது மெய்யே. ஆனால் பகலெல்லாம் தபால் இலாகாவுக்கு உழைத்த ஒருவர், அவ்வெண்ணிக்கை இல்லாவிடில் ஒரு நாவலையும் முடித்திருப்பாரோ என்பது நமக்கு ஐயமே.

இக்கணக்கில் நாம் மிகவும் போற்றுவது, பலரும் கவனியாத ஒரு கூறாகும். அவர் தமக்கு விதித்துக்கொண்ட அளவு எக்காலத்தும் ஒன்றாக இல்லை. அலுவல் மிகுந்த வாரங்களில் 20 பக்கமாகக் குறைந்தது. ஓய்வுள்ளபோது 112 வரை ஏறிற்று. நம் மாணவரோ தவறிய பக்கங்களை அடுத்த வாரத்தின் தலையில் ஏற்றுகின்றனர். இரண்டு வாரத்தில் அது தீராக் கடனாகி, ஏட்டையே தூக்கி எறியச் செய்கின்றது. அதனினும் அளவைக் குறைத்துக்கொள்ளுதல் மேலானது. பரீட்சைகளுக்கும் விடுமுறைக்கும் பன்னிரண்டு வாரத்தை ஒதுக்கிவிடுவோம். எஞ்சிய நாற்பது வாரத்தில், வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஒரு பக்கம் எழுதினால் 160 பக்கமாகும், 40,000 சொல். அதிற் பாதியைத் திருத்தி எழுதுவதற்கு விட்டாலும், நாலாயிரம் சொல்லளவில் ஐந்து சிறுகதைகள் கைக்கு வரும். முதலாண்டுக்கு ஐந்து கதை போதும். அதற்கு மேல் வாக்களிப்பவரை நாம் நம்புவதில்லை.

இனி, இடையூறு நேர்ந்தபோது செய்யவேண்டுவது யாது? திரும்பி வந்த கதையைக் கிழித்தல் ஒரு வழி. பத்திராதிபரை வைதல் மற்றொன்று. டிராலப் இவ்விரண்டையும் செய்திலர். 1850-இல் 'தி நோபில் ஜில்ட்' என்றொரு நாடகம் இயற்றி, நாடக அனுபவம் மிக்க தம் நண்பர் ஜார்ஜ் பார்ட்லிக்கு அனுப்பினார். பார்ட்லி அது மேடைக்கு உதவாதென்று கடுமையாகவே எழுதிவிட்டார். டிராலப் வருந்தினார், தீர்ப்பை ஏற்றார், நாடகத்தைப் பெட்டியில் வைத்தார். பல ஆண்டு கழித்து அதன் கதைப்போக்கை எடுத்து 'கேன் யூ பர்கிவ் ஹெர்?' என்ற நாவலாக்கினார். அது 1864 முதற் பகுதி பகுதியாக வெளிவந்தது. கெட்டது நாடக உருவமே, கதைப்பொருள் கெடவில்லை என்று அவர் பிரித்தறிந்தமையைக் காண்க.

இதற்கிணையான செய்தி நம் நாட்டிலும் உண்டு. சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிற் பயின்று, அக்கலாசாலைச் சஞ்சிகையிலும் எழுதிய அ. மாதவையா, 1892-இல் 'விவேகசிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற தொடர்கதையைத் தொடங்கினார். அது சில அதிகாரங்களோடு நின்றுவிட்டது. உப்பு, ஆப்காரி இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அவர் 1898-இலும் 1899-இலும் 'பத்மாவதி சரித்திர'த்தின் இரு பாகங்களை வெளியிட்டார். நின்றுபோன கதையையும் அவர் கைவிட்டாரில்லை. அது 'முத்துமீனாட்சி' எனப் பெயர் பூண்டு 1903-இல் நூலாயிற்று. இளம் விதவை ஒருத்தியின் துயரைக் கூறும் அக்கதை பதினோராண்டு காத்திருந்தது.

ஆகவே, நாட்குறிப்பின் கடைசியிற் சில பக்கங்களைத் திரும்பி வந்த கதைகளுக்கென ஒதுக்குதல் நலம். எங்கு அனுப்பினோம், எந்நாள் திரும்பிற்று, காரணம் ஏதேனும் சொன்னார்களா என்பவற்றைக் குறிக்க வேண்டும். காரணமின்றி வந்ததை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்து, அவ்வாரத்திலேயே வேறோரிடத்துக்கு அனுப்பிவிடலாம். இடமின்மையாலும் கதைகள் திரும்புவதுண்டு. ஒரே குறையை இருவர் தனித்தனியே எடுத்துக்காட்டினாராயின் அனுப்புதலை நிறுத்தித் திருத்துதல் வேண்டும். மூன்று முறை திருத்தியும் அமையாததைப் பெட்டியில் இடுக. அதன் பெயரை மட்டும் அடுத்த ஆண்டின் ஏட்டில், வணிகர் முன் இருப்பை எழுதுவதுபோல், முதல் வரியில் எழுதிக்கொள்க.