கடலடிப் பூஞ்சை: குடியா, விருந்தாளியா?

மழைக்காலத்தில் தோல் செருப்பை ஒரு வாரம் மூலையில் போட்டுவைத்தால் அதன்மேல் பச்சையாகப் பூசணம் பூத்துவிடுகிறது. நனைந்த ரொட்டி, ஈரச் சுவர், பழைய புத்தகம் எதையும் அது விட்டுவைப்பதில்லை. இதே பூசணத்தைக் கரைக்கு வெகு தொலைவில், நடுக்கடலில், 5,000 மீட்டர் ஆழத்துச் சேற்றிலிருந்து எடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா?

எடுத்திருக்கிறார்கள். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இந்தியப் பெருங்கடலின் மத்தியப் படுகையில் கிடைத்த வண்டலிலிருந்து 181 பூஞ்சை வளர்ப்புகளைப் பிரித்தெடுத்து, 2006-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் பெரும்பாலானவை நாம் நிலத்தில் காணும் இனங்களே. ஆஸ்பெர்ஜில்லஸ் மிகுதியாக இருந்தது. ஈஸ்ட்டுகளும் சில கிடைத்தன.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பூஞ்சைகள் ஸ்போர் என்னும் நுண்ணிய வித்துகளால் பரவுகின்றன. நீங்கள் இப்போது உள்ளிழுத்த காற்றிலும் அவை உண்டு. காற்றிலும் ஆற்று நீரிலும் சென்று கடலில் விழும் ஸ்போர் மெல்ல மூழ்கி அடியில் படிகிறது. சாகோஸ் அகழியில், ஏறத்தாழ 5,900 மீட்டர் ஆழத்தில் எடுத்த வண்டலிலிருந்தும் இதே நிறுவனத்தார் பூஞ்சைகளை வளர்த்துக் காட்டினர். அந்த வண்டலின் வயது 1,80,000 முதல் 4,30,000 ஆண்டுகள்! இத்தனை காலம் உறங்கக்கூடிய உயிரை ஓரிடத்தில் கண்டதும், 'இது இவ்விடத்து உயிரி' என்று எப்படிச் சொல்வது?

ஒரு வீட்டில் ஒருவர் குடியிருக்கிறாரா, வந்து தங்கிப் போகிறாரா என்பதை எதைக் கொண்டு அறிவோம்? அங்கே அடுப்பு எரிகிறதா, குழந்தைகள் பிறந்து வளர்கின்றனவா என்று பார்ப்போம். பூஞ்சையிடமும் இவ்விரண்டையே கேட்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பு, கடலில் அது உயிர் தரிப்பதே எப்படி என்று அறிந்துகொள்வோம்.

கடல் நீர் ஒரு கிலோகிராமில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இதன் சவ்வூடுபரவல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 25 மடங்கு. நன்னீரில் வளர்ந்த செல்லை இதில் இட்டால் நீர் வெளியேறி அது சுருங்கிவிடும். ஊறுகாய்க்கு உப்பிடுவதன் தத்துவம் இதுதான். பூஞ்சை என்ன செய்கிறது? வெளியே உப்பு மிகுந்தால், தன் செல்லுக்குள் கிளிசராலைத் தயாரித்துச் சேர்த்துக்கொள்கிறது. இருமல் மருந்துகளில் சேர்க்கிறார்களே, அதே இனிப்பான கிளிசரின்தான். இதனால் உள்ளும் புறமும் சமனாகி, நீர் வெளியேறுவது நிற்கிறது. உள்ளே நுழைந்துவிடும் சோடியம் அயனிகளைச் செல்சவ்விலுள்ள புரதங்கள் ஆற்றலைச் செலவிட்டு வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. ஓட்டைப் படகில் நீரை இறைப்பதுபோல.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, ஒரு ரொட்டித் துண்டை அதிலும் மற்றொன்றை நன்னீரிலும் நனைத்து, இரண்டு கண்ணாடிச் சாடிகளில் மூடி வையுங்கள். நாள் முன்பின் ஆகலாம். ஆனால் உப்புத் துண்டும் தப்பாது. (சாடியைத் திறந்து முகரவேண்டாம், அப்படியே எறிந்துவிடுங்கள்.) நம் வீட்டுப் பூசணத்துக்குக் கடலின் உப்பு பெரிய தடையில்லை என்று தெரிகிறதன்றோ? எனவே நம் கேள்வி இன்னும் கடினமாகிறது.

இனி அடுப்பு. பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அது நொதிகளை வெளியே சுரந்து, உணவை அங்கேயே கரைத்து, பிறகு உறிஞ்சுகிறது. ரொட்டியின்மேல் இது எளிது. திறந்த கடலிலோ சுரந்த நொதியை நீர் அடித்துச் சென்றுவிடும். கரைந்துள்ள கரிமப் பொருளும் மிகக் குறைவு. லிட்டருக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் கார்பன்தான். ஆகவே பூஞ்சைக்குப் பற்றிக்கொள்ள ஒரு பொருள் வேண்டும்.

அத்தகைய பொருள் கடலில் ஓயாது விழுந்துகொண்டிருக்கிறது. இறந்த நுண்ணுயிரிகள், கழிவுகள், பிசின் போன்ற சளி எல்லாம் ஒட்டித் திரண்டு, வெண்துகள்களாக ஆழத்தை நோக்கி இறங்குகின்றன. இதைக் 'கடற்பனி' என்பார்கள். 1,000 முதல் 3,900 மீட்டர் வரை சேகரித்த கடற்பனித் துகள்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரை வியப்பானது. எண்ணிக்கையில் பாக்டீரியா போன்றவையே மிகுதி. ஆனால் உயிர்ப்பொருளின் அளவில் பூஞ்சைகளும் லாபிரிந்துலா வகையினவும் முன்னே நின்றன. (லாபிரிந்துலா பூஞ்சையைப்போல் வாழ்ந்தாலும் உறவில் வெகு தூரம்.)

கடலின் மேற்பரப்பில், ஐயத்துக்கே இடமில்லாத குடிகளும் உண்டு. கைட்ரிட் என்னும் பூஞ்சையின் ஸ்போர் ஒற்றைக் கசையிழையால் நீந்திச் சென்று டயாட்டம் என்னும் மிதவைப் பாசியில் ஒட்டி, உள்ளே வேர் போன்ற இழையைச் செலுத்தி, அதன் சத்தை உண்கிறது. பிறகு புதிய ஸ்போர்கள் நீந்திப் புறப்படுகின்றன. பெரிய டயாட்டத்தை விழுங்க முடியாத சிற்றுயிரிகள் இந்த ஸ்போர்களை விழுங்கிப் பிழைக்கும் என்பதை 2007-இல் நன்னீர் உயிரிகளைக் கொண்டு காட்டினர். இங்கே அடுப்பும் எரிகிறது, குழந்தைகளும் பிறக்கின்றன.

இப்போது 5,000 மீட்டர் ஆழத்துச் சேற்றுக்குத் திரும்புவோம். கோவா ஆய்வாளர்கள் வண்டலில் கால்கோஃப்ளுவர் என்னும் சாயத்தை இட்டனர். துணிக்கு வெண்மை கூட்டும் சாயங்களின் இனம் இது. பூஞ்சையின் செல்சுவரில் படிந்து புற ஊதாக் கதிரில் ஒளிரும். வண்டலில் பூஞ்சை இழைகள் ஒளிர்ந்தன. இழை என்றால் ஸ்போர் விழித்து முளைத்திருக்கிறது என்று பொருள். அங்கே கிடைத்த ஆஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ் ஒன்றுக்கு எதிர்ப்பொருள் தயாரித்துத் தேடியபோதும், அது எடுக்கப்பட்ட அதே அடுக்கில் இழைகளாகவே அகப்பட்டது.

அடுத்தது அழுத்தச் சோதனை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் 25 இனங்களை வளர்த்துப் பார்த்தனர், எல்லாம் வளர்ந்தன. ஆனால் 5 டிகிரி செல்சியஸ் குளிரும் சேர்ந்தபோது பலவற்றின் உருவம் கோணலாயிற்று. நிலத்துப் பூஞ்சைகளையும் சோதித்தனர். இழையாக இட்டால் அவையும் அழுத்தத்தில் வளர்ந்தன! சோதனை இத்துடன் நின்றிருந்தால் ஒன்றும் விளங்கியிராது. ஸ்போராக இட்டபோதுதான் வேறுபாடு தெரிந்தது. 30 டிகிரியில், அதே அழுத்தத்தில், நிலத்து டெர்ரியஸின் ஸ்போர்கள் முளைக்கவில்லை. கடலடி டெர்ரியஸின் ஸ்போர்கள் முளைத்தன. ஒரே இனம், இருவேறு திறன்.

நிலத்திலிருந்து வந்தவை முதலில் துன்புற்று, மெல்ல மெல்ல அச்சூழலுக்குப் பழகியிருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. அதாவது விருந்தாளியாக வந்து குடியாக மாறியவை! எனக்கும் இது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 5,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 500 மடங்கு, குளிரோ 1 அல்லது 2 டிகிரி. மேற்சொன்ன ஸ்போர் முளைத்தது 200 மடங்கு அழுத்தத்தில், அதுவும் நம் ஊர் வெப்பத்தில்.